கிறிஸ்தவ ராக் என்றால் என்ன? ஸ்விட்ச்ஃபுட்டின் பயணத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

அமெரிக்க இசைக்குழுவான ஸ்விட்ச்ஃபுட்டைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் இரண்டு கட்சிகள் முளைத்துவிடும். "அது சாமி பாட்டு பாடுற பேண்ட்" என்று ஒரு கட்சி. "முன்னாடி அப்படி இருந்தாங்க, அப்புறம் காசு பார்க்க வெளியே போயிட்டாங்க" என்று இன்னொரு கட்சி. இரண்டுமே சரியில்லை. இந்தக் குழுவை விரும்பிக் கேட்கும் எனக்கு, இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

'கிறிஸ்தவ ராக்' என்று கேட்டதும் அந்த 'கிறிஸ்தவ' என்பதை இசையின் குணமாக எடுத்துக்கொள்கிறோம். நடைமுறையில் அது, அந்த இசை எந்தக் கடையில், எந்த வானொலியில், யாரை நினைத்து விற்கப்பட்டது என்பதைச் சொல்லும் அடையாளம். இது பிடிபட்டால், 1996ல் தொடங்கிய ஸ்விட்ச்ஃபுட்டின் கதையில் பாதி முடிச்சுகள் தானாக அவிழ்ந்துவிடும்.

ஒரு கவிதைத் தொகுப்பு, இரண்டு அலமாரிகள்

ஒரு கவிஞர் புதுத் தொகுப்பு போடுகிறார். கடவுளிடம் கோபப்படும் கவிதை, சாவைப் பற்றிய கவிதை, நடு இரவில் தூக்கம் வராமல் எழுதிய கவிதை என்று கலந்து இருக்கிறது. புத்தகக் கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, கடவுள் பெயர் வருகிறதே என்று பக்தி அலமாரியில், பூஜை முறைகளுக்கும் ஸ்தல புராணங்களுக்கும் நடுவே வைத்துவிடுகிறார். அந்த அலமாரி பக்கம் வருகிறவர்கள் மட்டும் அதைப் பார்ப்பார்கள். கவிதை தேடி வருகிற ஆள் அதைக் கண்ணாலும் பார்க்கப் போவதில்லை. ஒரு மாதம் கழித்து அதே புத்தகத்தைக் கவிதை அலமாரிக்கு மாற்றுகிறார்கள் என்று வையுங்கள். உள்ளே ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் வாங்குபவர்கள், விமர்சிப்பவர்கள், கிடைக்கும் பரிசு எல்லாம் மாறிவிடும்.

இப்போது அந்தப் பக்தி அலமாரிக்கென்றே தனிக் கடைகள், தனிப் பத்திரிகைகள், தனி வானொலி நிலையங்கள், தனி விருது விழா இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கிறிஸ்தவ இசைக்கு அப்படி ஓர் உலகம் நிஜமாகவே இருக்கிறது.

அந்த உலகம் எப்படி வந்தது

1960களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஹிப்பி இளைஞர்கள் பலர் கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பினார்கள். இதை ஜீசஸ் மூவ்மென்ட் என்பார்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே கிடார் இருந்தது. அதை வைத்தே இயேசுவைப் பாடினார்கள். பாடகர் லாரி நார்மன் 1969ல் கேப்பிட்டல் நிறுவனம் மூலம் வெளியிட்ட ஆல்பம் இந்த வகையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. ஆனால் பல கிறிஸ்தவ சபைகளுக்கு டிரம்ஸும் ராக்கும் பிசாசின் வேலை. பொது வானொலிகளுக்கோ இயேசுவின் பெயர் வரும் பாட்டு ஆகாது. இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியதால், இவர்கள் தங்களுக்கென்று தனிக் கதவு வைத்துக்கொண்டார்கள்.

1971ல் கோஸ்டா மேசாவில் இருந்த கால்வரி சேப்பல் சபை மரநாதா மியூசிக் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. 1976ல் ஸ்பாரோ ரெக்கார்ட்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் வந்தது. காஸ்பெல் மியூசிக் அசோசியேஷன் என்ற சங்கம் 1969 முதலே கிறிஸ்தவ இசைக்கென்று டவ் விருதுகளைக் கொடுத்து வந்தது. இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் அதில் விற்கும் இசைக்கும் சேர்த்து சிசிஎம் என்று பெயர். 'சமகாலக் கிறிஸ்தவ இசை' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம். மென்மையான பாப், மெட்டல், ஹிப்-ஹாப் எல்லாம் இதற்குள் அடக்கம். ஜாஸ், ரெகே என்றால் காதில் விழும் ஓசையை வைத்து அடையாளம் சொல்லிவிடலாம். சிசிஎம்மை அப்படிச் சொல்ல முடியாது. வரிகளையும் விற்பனை வழியையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

இந்த இயந்திரத்தில் மூன்று பாகங்கள் முக்கியம்.

முதலாவது லேபிள். பாட்டைப் பதிவு செய்யப் பணம் போட்டு, ஆல்பமாக்கி, விளம்பரம் செய்யும் நிறுவனம் அது. இரண்டாவது விநியோகம். சிடி காலத்தில் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள்தான் சிசிஎம்மின் முதுகெலும்பு; பைபிளும் வாழ்த்து அட்டையும் விற்கும் அதே இடத்தில் சிடியும் விற்றது. மூன்றாவது வானொலி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ராக் குழுக்கள் மூச்சுத் திணறியது இங்கேதான்.

கிறிஸ்தவ வானொலிகளில் பெரியவை நேயர்களின் நன்கொடையில் ஓடுகின்றன. 1982ல் கலிஃபோர்னியாவில் ஒற்றை நிலையமாகத் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய கே-லவ் அதற்கு உதாரணம். நன்கொடை யார் கொடுப்பார்களோ அவர்களுக்குப் பிடித்ததைத்தான் போடுவார்கள். இந்தத் தொழிலில் இருந்தவர்கள் தங்கள் நேயரை ஒரு கற்பனைப் பெண்ணாக வைத்து, அவருக்கு பெக்கி என்று பெயரும் சூட்டியிருந்தார்கள். நடுத்தர வயதை நெருங்கும் தாய், பிள்ளைகளைக் காரில் ஏற்றி பள்ளிக்குக் கொண்டுபோய் விடுபவர். பெக்கிக்குப் பிடிக்குமா, பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகள் கேட்கலாமா என்று பார்த்துத்தான் பாட்டு தேர்வாகும். ஆறுதலும் நம்பிக்கையும் தரும் பாட்டுக்கு உடனே இடம் உண்டு. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் முடியும் பாட்டுக்குக் கஷ்டம்தான்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. 1992ல் ஸ்பாரோவை இஎம்ஐ என்ற உலகப் பெரு நிறுவனம் வாங்கிவிட்டது. 'உலகத்துக்குள் போய்விட்டார்கள்' என்று ஒரு குழுவைத் திட்டும்போது, அவர்கள் கிளம்பி வந்த இடமும் அதற்குள் ஒரு பெரு நிறுவனத்தின் கிளைதான் என்பது மறந்துபோகிறது.

சுருக்கமாக: சிசிஎம் என்பது தனி லேபிள், தனிக் கடை, தனி வானொலி கொண்ட ஒரு சந்தை. கிறிஸ்தவ ராக் குழு என்று பெயர் பெறுவது பெரும்பாலும் அந்தச் சந்தை வழியாக வந்த குழு.

ஆல்டர்னேட்டிவ் ராக் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1980களில் அமெரிக்கக் கல்லூரி வானொலிகளிலும் சின்ன லேபிள்களிலும் வளர்ந்து, 1991ல் நிர்வாணா குழுவோடு ஊரெல்லாம் பரவிய ராக் வகை அது. கரடுமுரடான கிடார், பகட்டில்லாத பாடல்முறை, அடங்கிப் பாடி திடீரென்று வெடிக்கும் அமைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். ஆக 'கிறிஸ்தவ ஆல்டர்னேட்டிவ் ராக்' என்பதில் பின்பாதி ஓசையைச் சொல்கிறது, முன்பாதி அலமாரியைச் சொல்கிறது.

சான் டியேகோவில் மூன்று பேர்

ஜான் ஃபோர்மன் பாடுவார், கிடார் வாசிப்பார். தம்பி டிம் ஃபோர்மன் பேஸ் கிடார். சாட் பட்லர் டிரம்ஸ். மூவரும் கடல் அலையில் பலகை ஏறி விளையாடும் சர்ஃபர்கள். 1996ல் சான் டியேகோவில் 'சின் அப்' என்ற பெயரில் சேர்ந்து, கொஞ்ச நாளில் ஸ்விட்ச்ஃபுட் ஆனார்கள். இசைத் தயாரிப்பாளர் சார்லி பீகாக் தன்னுடைய ரீதிங்க் என்ற சின்ன லேபிளில் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

கதையின் திருப்பம் இங்கே இருக்கிறது. ரீதிங்க்கின் நோக்கம் சபைக்கு வெளியே இருப்பவர்களிடமும் இசையைக் கொண்டுபோவது. முதல் ஆல்பம் வெளிவரும் முன்பே ரீதிங்க்கை ஸ்பாரோ வாங்கிவிட்டது. ஸ்பாரோவின் விற்பனை ஆட்களுக்குத் தெரிந்த வழி கிறிஸ்தவக் கடைகள். ஆகவே 1997ல் வந்த முதல் ஆல்பமும், 1999, 2000 ஆண்டுகளில் வந்த அடுத்த இரண்டும் அந்தக் கடைகளுக்கே போயின. 'கிறிஸ்தவ பேண்ட்' என்ற முத்திரை இந்த மூவரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவால் மட்டும் விழவில்லை. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கியதாலும் விழுந்தது.

அந்தக் காலத்துப் பாட்டுகளைக் கேட்டால் சபைப் பாடல் போலவே இருக்காது. 1999 ஆல்பத்தில் ஒரு பாட்டு புனித அகஸ்டினின் தன்வரலாற்றை வைத்தும், இன்னொன்று டென்மார்க் தத்துவவாதி கீர்க்கேகார்டை வைத்தும் எழுதப்பட்டவை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பையன் இவர்களைப் படித்துவிட்டு மூன்று நிமிடப் பாட்டாக்குகிறான். எனக்கு இந்தக் குழுவின் மேல் மரியாதை வந்தது இதனால்தான். வரிகளில் நம்பிக்கை இருக்கிறது; கூடவே குழப்பமும் ஏக்கமும் ஒளிவுமறைவில்லாமல் இருக்கின்றன.

2002ல் 'எ வாக் டு ரிமெம்பர்' என்ற ஹாலிவுட் படம் வந்தது. நாயகியாக நடித்த மேண்டி மூர், போதகரின் மகளாக மேடையில் நின்று பாடும் 'ஒன்லி ஹோப்' ஸ்விட்ச்ஃபுட்டின் 1999 பாட்டு. படத்தின் பாடல் தொகுப்பில் குழுவின் வேறு பாட்டுகளும் இடம்பெற்றன. கிறிஸ்தவக் கடைப் பக்கமே போகாதவர்கள் காதில் இவர்களின் இசை விழுந்தது அப்போதுதான். அடுத்து பொதுச் சந்தையின் பெரிய லேபிளான கொலம்பியா ரெக்கார்ட்ஸோடு ஒப்பந்தம்.

ஒரே பாட்டு, இரண்டு பிறவி

2000ல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஐ டேர் யூ டு மூவ்'. கிறிஸ்தவ வட்டாரத்தில் பெயர் வாங்கியது, வெளியே அதிகம் பேருக்குத் தெரியவில்லை. 2003 பிப்ரவரியில் கொலம்பியா மூலம் வந்த 'தி பியூட்டிஃபுல் லெட்டவுன்' ஆல்பத்துக்காக அதே பாட்டை மறுபடியும் பதிவு செய்தார்கள். தலைப்பில் 'ஐ' மட்டும் போய்விட்டது. மெட்டும் அடிப்படைக் கருத்தும் அதேதான். இந்த முறை அது பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 17ஆம் இடம் வரை ஏறியது. ஹாட் 100 என்பது அமெரிக்காவில் அந்தந்த வாரம் மிக அதிகம் விற்று, வானொலியிலும் இப்போது இணையத்திலும் ஒலிக்கும் பாட்டுகளின் வரிசை.

அலமாரியின் பலத்தைப் பார்க்க இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் முழுப் பெருமையையும் அலமாரிக்கே கொடுத்துவிடவும் கூடாது. இரண்டாவது பதிவில் ஓசை பெரிதாக, நேராக இருக்கிறது. படம் ஏற்கெனவே வழி திறந்துவிட்டிருந்தது. அதே ஆல்பத்தின் 'மென்ட் டு லிவ்' அதற்கு முன்பே 18ஆம் இடத்தைத் தொட்டிருந்தது. டி. எஸ். எலியட்டின் கவிதை ஒன்றின் பாதிப்பில் எழுதப்பட்ட அந்தப் பாட்டை, ராக் நிலையங்கள் விடாமல் போட்டன. ஆல்பம் அமெரிக்காவில் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

சிசிஎம் சந்தையில் இருந்த கலைஞர் பொதுச் சந்தையிலும் வெற்றி பெறுவதை கிராஸ்ஓவர் என்பார்கள். ஸ்விட்ச்ஃபுட் இதில் முதல் ஆளும் இல்லை. ஏமி கிராண்ட் 1991லேயே ஹாட் 100ல் முதல் இடத்தைப் பிடித்தார். ஜார்ஸ் ஆஃப் க்ளே 1996ல் ஆல்டர்னேட்டிவ் நிலையங்களில் ஒலித்தது. அதே சான் டியேகோவின் பி.ஓ.டி. 2001ல் பல லட்சம் விற்றது.

கிராஸ்ஓவர் என்றதும் ஒரு கரையை விட்டு மறு கரைக்குப் போவதாக நினைக்கிறார்கள். நடந்தது அப்படி இல்லை. பொதுக் கடைகளுக்கு கொலம்பியா ஆல்பத்தை அனுப்பியது. கிறிஸ்தவக் கடைகளுக்கு ஸ்பாரோ தொடர்ந்து அனுப்பியது. டவ் விருதுகளும் தொடர்ந்து வந்தன. ஒரே சிடி இரண்டு அலமாரியிலும் இருந்தது. "விட்டுட்டுப் போயிட்டாங்க" என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம்பிக்கை இருந்தால் கிறிஸ்தவ பேண்டா?

அப்படியென்றால் யூ2வை எங்கே வைப்பது? அயர்லாந்தின் இந்தக் குழுவில் நால்வரில் மூவர் இளம் வயதில் டப்ளினில் ஷாலோம் என்ற கிறிஸ்தவக் குழுவில் ஈடுபாட்டோடு இருந்தவர்கள். 1981ல் வந்த அவர்களின் இரண்டாவது ஆல்பம் முழுக்க ஆன்மிகத் தேடல். பைபிளில் உள்ள சங்கீதப் புத்தகத்தின் வரிகளை வைத்தே பாட்டு செய்திருக்கிறார்கள். ஆனாலும் யூ2வை யாரும் கிறிஸ்தவ ராக் என்று சொல்வதில்லை. அவர்கள் சிசிஎம் சந்தை வழியாக வரவில்லை, அவ்வளவுதான் காரணம். நம்பிக்கையை அளவுகோலாக வைத்தால் இரண்டு குழுவும் ஒரே பட்டியலில் வர வேண்டும். விற்பனை வழியை வைத்தால்தான் பிரிகின்றன.

ஸ்விட்ச்ஃபுட் தங்கள் நம்பிக்கையை ஒருபோதும் மறைத்ததில்லை. கிறிஸ்தவம் தங்களுக்கு நம்பிக்கை, இசை வகை கிடையாது என்பது அவர்கள் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லும் கருத்து. இதைச் சிலர் மழுப்பல் என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. முத்திரை குத்தினால் சபைக்கு வெளியே இருப்பவர்கள் கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள் என்ற கவலை அதில் இருக்கிறது, அந்தக் கவலை நியாயமானது.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது: கலைஞரின் நம்பிக்கை ஒன்று, பாட்டின் பொருள் இன்னொன்று, விற்கும் சந்தை மூன்றாவது. மூன்றையும் ஒரே சொல்லால் கட்டிப்போடுவதால்தான் சண்டை வருகிறது.

பெரிய லேபிளின் விலை

பொதுச் சந்தைக்குப் போனால் எல்லாம் சுகம் என்று நினைத்துவிடக் கூடாது. 2005 செப்டம்பரில் வந்த 'நத்திங் இஸ் சவுண்ட்' முதல் வாரமே பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 3ஆம் இடத்தில் இறங்கியது. ஆனால் அந்த சிடியில் கொலம்பியாவின் தாய் நிறுவனமான சோனி பிஎம்ஜி, எக்ஸ்சிபி என்ற நகல் தடுப்பு மென்பொருளை வைத்திருந்தது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டால் அது தன்னைத்தானே பதித்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய பாட்டை ஐபாடுக்கு மாற்றுவதற்குள் ரசிகருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

டிம் ஃபோர்மன் ரசிகர்களுக்கு நேரடியாக எழுதினார். இந்தத் தடுப்பு தங்களுக்கும் பிடிக்கவில்லை என்று சொல்லி, அதைத் தாண்டிப் பாட்டை எடுப்பது எப்படி என்பதையும் படிப்படியாக விளக்கினார். ஒப்பந்தத்தில் இருக்கும் கலைஞர், சொந்த லேபிளின் பூட்டைத் திறக்க ரசிகருக்கு வழி சொல்வது சாதாரண விஷயமில்லை.

சில வாரங்களில் விஷயம் இன்னும் பெரிதானது. எக்ஸ்சிபி ஒரு ரூட்கிட் போல இயங்குகிறது என்று பாதுகாப்பு ஆய்வாளர் மார்க் ருசினோவிச் அக்டோபர் 31 அன்று வெளியிட்டார். கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் தன்னை ஒளித்துக்கொண்டு ஓடும் மென்பொருள்தான் ரூட்கிட். அந்த மறைவிடத்தை வைரஸ்களும் பயன்படுத்திக்கொள்ளலாம். வழக்குகள் வந்தன, நவம்பரில் அந்த சிடிகளை சோனி திரும்பப் பெற்றது. புது ஆல்பம் சூடாக விற்க வேண்டிய மாதங்களில் இதெல்லாம் நடந்தது.

சொந்த லேபிள்

2006 டிசம்பரில் இன்னொரு ஆல்பம் வெளிவந்தது, 2007ல் கொலம்பியாவோடு உறவு முடிந்தது. குழு 'லோயர்கேஸ் பீப்பிள் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்த லேபிளையும், ஊரிலேயே சொந்த ஸ்டுடியோவையும் அமைத்துக்கொண்டது. கீபோர்டு வாசிக்கும் ஜெரோம் ஃபான்டமில்லாஸும் கிடார் வாசிக்கும் ட்ரூ ஷர்லியும் சேர்ந்து இதற்குள் ஐந்து பேராகியிருந்தார்கள். நேரத்தைக் கணக்குப் பார்க்க ஆள் இல்லாததால் பாட்டு பாட்டாக எழுதித் தள்ளினார்கள், அதிலிருந்து 12ஐ மட்டும் எடுத்து 2009 நவம்பரில் 'ஹெலோ ஹரிக்கேன்' வெளியிட்டார்கள். விநியோகத்துக்கு அட்லாண்டிக் என்ற பெரிய லேபிள், கிறிஸ்தவக் கடைகளுக்குத் தனியாக வேறொரு நிறுவனம். இரண்டு அலமாரி ஏற்பாடு இங்கேயும் தொடர்ந்தது. 2011ல் அந்த ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தது, 'சிறந்த ராக் அல்லது ராப் காஸ்பெல் ஆல்பம்' என்ற பிரிவில். விருதுக் குழுவும் ஏதாவது ஓர் அலமாரியில் வைத்துத்தானே ஆக வேண்டும்.

அதன் பிறகு 2011, 2014, 2016, 2019, 2021 என்று ஆல்பங்கள் சீராக வந்தன. 2005 முதல் நடத்தும் 'ப்ரோ-ஆம்' நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். என்சினிடாஸ் கடற்கரையில் சர்ஃபிங் போட்டியும் கச்சேரியும் வைத்து, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான அமைப்புகளுக்கு நிதி திரட்டுகிறார்கள்.

அலமாரிகள் மறையும் காலம்

இதற்கிடையில் சிசிஎம்மின் முதுகெலும்பே உடைந்தது. கிறிஸ்தவக் கடைகளின் பெரிய வரிசையான ஃபேமிலி கிறிஸ்டியன் ஸ்டோர்ஸ் 2017ல் மூடியது; அதே மாதிரியான லைஃப்வே தன் கடைகள் அனைத்தையும் 2019ல் மூடியது. இப்போது ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்களில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. 'கிறிஸ்தவ ராக்' என்ற பெயரில் பிளேலிஸ்ட் இருக்கிறது; ஆனால் அதே பாட்டு பக்கத்தில் 2000களின் ராக் பிளேலிஸ்ட்டிலும் இருக்கும்.

2023ல், ஆல்பத்தின் 20ஆம் ஆண்டில், குழு 'தி பியூட்டிஃபுல் லெட்டவுன்' முழுவதையும் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டது. இப்படி மறுபடி பதிவு செய்வதில் ஒரு லாபம் உண்டு. மாஸ்டர் என்பது பாட்டின் மூலப் பதிவு. அதன் உரிமை, பெரும்பாலும் பணம் போட்ட லேபிளிடம்தான் இருக்கும். பாட்டு எழுதியவரிடம் இருக்காது. மறுபடியும் பாடிப் பதிவு செய்தால், அந்தப் புதுப் பதிவைப் பாடியவர்களே தங்கள் பெயரில் வைத்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து கேட்கலாம்

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 'டேர் யூ டு மூவ்' பாட்டின் 2000, 2003, 2023 பதிவுகள் மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் குரல் இளசு, ஓசை மெல்லிசு. இரண்டாவதில் கிடார் சுவர் மாதிரி எழும். மூன்றாவதில் பாடுகிறவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அப்புறம் 'ஹெலோ ஹரிக்கேன்' முழுசாக. அதில் கடைசிப் பாட்டு வரை பொறுமையாகப் போங்கள், நடுவில் தாவ வேண்டாம். குழுவின் மிகச் சிறந்த வேலை என் கணக்கில் அந்த ஆல்பம்தான். 1999 ஆல்பத்தை அதற்குப் பிறகு எடுத்துக்கொண்டால் போதும்.